வீட்டு ரேடியோவில் நம் பாட்டு: குட்டி எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த டிரான்ஸ்மிட்டர் என்னதான் செய்கிறது?

போன், கம்ப்யூட்டர், டிவி, பழைய எம்பி3 பிளேயர் என எதிலிருந்து வரும் ஒலியையும் எஃப்.எம். அலையாக மாற்றிச் சில மீட்டர் தூரத்துக்கு அனுப்பும். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் எந்த எஃப்.எம். ரேடியோவையும் அதே அலைவரிசைக்குத் திருப்பினால் உங்கள் பாட்டு கேட்கும். ரேடியோவைப் பொறுத்தவரை இதுவும் ஒரு நிலையம்தான். பக்கத்து அறையிலிருந்து வருகிறதா, பெரிய கோபுரத்திலிருந்து வருகிறதா என்று அதற்குத் தெரியாது. ரேடியோவைத் திறக்க வேண்டாம், வயர் இழுக்க வேண்டாம்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் இருக்கும்போது இது எதற்கு?

ஒரே அறையில் உட்கார்ந்து ஒரே ஸ்பீக்கரில் கேட்பதென்றால் ப்ளூடூத்தே போதும். ஒலித்தரமும் அதில் நன்றாகவே இருக்கும். டிரான்ஸ்மிட்டரின் அருமை வேறு இடத்தில் தெரியும். சமையலறையில் ஒரு ரேடியோ, படுக்கையறையில் ஒன்று, மொட்டைமாடியில் ஒன்று என்று இருந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைப் பாடும். பத்து ரேடியோ வைத்தாலும் டிரான்ஸ்மிட்டருக்குக் கூடுதல் சுமை கிடையாது. வெவ்வேறு கம்பெனி ப்ளூடூத் ஸ்பீக்கர்களை அறைக்கு ஒன்றாக வைத்துப் பாருங்கள்: ஒன்று முந்தும், ஒன்று பிந்தும், இரண்டுக்கும் நடுவில் நின்றால் எதிரொலி மாதிரி கேட்கும். சாதாரண ரேடியோக்களில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே டிஜிட்டல் சிப் வைத்த சில ரேடியோக்கள் மட்டும் கொஞ்சம் பிந்தலாம்.

இன்னொரு காரணம், வீட்டில் இருக்கும் மனிதர்கள். ரேடியோவின் இரண்டு திருகுகளைத் தவிர வேறெதையும் தொட விரும்பாத பெரியவர்களுக்கு ஆப், பேரிங், பாஸ்வேர்டு எதையும் சொல்லித்தர வேண்டியதில்லை. ரேடியோ முள் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

எந்த ரேடியோவில் எல்லாம் கேட்கும்?

எஃப்.எம். எடுக்கும் எதிலும் கேட்கும். உலகின் பெரும்பகுதியில் எஃப்.எம். என்றால் 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ். ஜப்பான் ஒரு விதிவிலக்கு. அங்கே 76-இல் தொடங்கி 95 வரை. அதனால் ஜப்பானுக்கென்றே செய்த பழைய ரேடியோ கையில் இருந்தால் 100-க்கு மேல் டிரான்ஸ்மிட்டரை வைத்துப் பயனில்லை. இரண்டுக்கும் பொதுவான கீழ்ப்பகுதியில் வைத்துப் பாருங்கள்.

மீடியம் வேவ், ஷார்ட் வேவ் மட்டும் உள்ள பழைய வால்வு ரேடியோவில் இது கேட்காது. அதற்கு ஏ.எம். டிரான்ஸ்மிட்டர் என்று தனியாக உண்டு. டிஜிட்டல் ஒலிபரப்பை மட்டும் எடுக்கும் ரேடியோவிலும், இணைய ரேடியோவிலும் எஃப்.எம். இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நார்வே 2017-இலேயே தேசிய அலைவரிசைகளை எஃப்.எம்.மிலிருந்து டிஜிட்டலுக்கு மாற்றிவிட்டது. அதனால் இப்போது வரும் எல்லா ரேடியோவிலும் எஃப்.எம். இருந்தே தீரும் என்று சொல்ல முடியாது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், அலைவரிசையை எண்ணில் காட்டும் திரை இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணைத் தேர்ந்தெடுக்கும் கருவிகளில் கிரிஸ்டலை ஆதாரமாக வைத்து அலைவரிசையைப் பூட்டும் சர்க்யூட் இருக்கும். நாள் முழுக்க ஓடினாலும் இடம் மாறாது. சின்னத் திருகைத் திருப்பி ட்யூன் செய்யும் ஒற்றை டிரான்சிஸ்டர் வகை அப்படியல்ல. கையைப் பக்கத்தில் கொண்டுபோனாலே அலைவரிசை நகரும், சூடானால் நகரும், பேட்டரி இறங்கினாலும் நகரும். விளையாட்டாகச் செய்து பார்க்க நல்லது, தினமும் கேட்க லாயக்கில்லை.

அடுத்து, 0.1 மெகாஹெர்ட்ஸ் படியில் நகர்கிறதா, மோனோவில் (இடது, வலது என்று பிரிக்காமல் ஒரே ஒலியாக) அனுப்பும் வசதி இருக்கிறதா, ஒலி இல்லாவிட்டால் தானாக அணைவதை நிறுத்திவைக்க முடிகிறதா, மின்சாரம் போய் வந்தால் பழைய அலைவரிசையை நினைவில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் கருவி 87.5-க்குத் திரும்பி, நீங்கள் எழுந்து போய் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒரே வாரத்தில் வெறுத்துப்போகும். பெட்டியில் போட்டிருக்கும் 'தூரம்' கணக்கை நம்ப வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது.

காருக்கு விற்கும் டிரான்ஸ்மிட்டரை வீட்டில் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 12 வோல்ட் அடாப்டரும், கருவியைச் செருகக் காரில் இருப்பது போன்ற ஒரு சாக்கெட்டும் இருந்தால் ஓடும். இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, ஒரு கார் நீளத்துக்குள் ரேடியோ இருக்கும் என்று நினைத்துச் செய்ததால் உள்ளே ஏரியல் ஏதோ பெயருக்குத்தான் இருக்கும். பக்கத்து அறையோடு சரி. இரண்டு, அதிலேயே போன் சார்ஜ் செய்யும் வசதி இருக்கும். சார்ஜ் செய்துகொண்டே பாட்டையும் அனுப்பினால் கீச்சென்ற மெல்லிய சத்தம் கூடவே வரும். சார்ஜை வேறு இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

என் போனில் ஆடியோ ஜாக்கே இல்லை. எப்படி இணைப்பது?

யூ.எஸ்.பி. சி முனையிலிருந்து 3.5 மி.மீ. ஜாக்குக்கு மாற்றும் சின்ன வயர் போதும். இல்லாவிட்டால் ப்ளூடூத் உள்ள டிரான்ஸ்மிட்டராக வாங்குங்கள். பாட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். டிவிக்கு வயர்தான் நல்லது. காரணத்தை டிவி கேள்வியில் சொல்கிறேன்.

காலியான அலைவரிசையை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்குச் செலவிடும் அரை மணி நேரம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பலன் தரும். டிரான்ஸ்மிட்டரை அணைத்துவிட்டு, வீட்டிலேயே சுமாராக எடுக்கும் ரேடியோவை அல்ல, நன்றாக எடுக்கும் ரேடியோவைக் கையில் எடுங்கள். ஏரியலை முழுதாக நீட்டி, 87.5-இலிருந்து மெதுவாக மேலே போங்கள். நீங்கள் தேடுவது சீரான 'ஷ்ஷ்ஷ்' என்ற இரைச்சல். அதற்குள் பேச்சு மாதிரி, தாளம் மாதிரி ஏதாவது லேசாகக் கேட்டாலும் அது காலியில்லை. தூரத்து நிலையம் ஒன்று அங்கே இருக்கிறது, சில நேரம் வலுத்து வரும்.

காலி இடம் கிடைத்ததும் அதன் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு எஃப்.எம். நிலையம் தன் அலைவரிசையிலிருந்து இருபுறமும் 75 கிலோஹெர்ட்ஸ் வரை ஆடும். அதனால் பலமான உள்ளூர் நிலையத்துக்கு 0.2 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் உட்கார்ந்தால் மலிவான ரேடியோவில் இரண்டும் கலந்து கேட்கும். குறைந்தது 0.4 தள்ளி, இடைவெளியின் நட்டநடுவில் உட்காருங்கள். உதாரணத்துக்கு, 98.3-இல் ஒன்றும் 99.5-இல் ஒன்றும் பலமாகக் கேட்டு, நடுவில் எதுவும் இல்லையென்றால் 98.9 உங்களுடையது.

காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, ரேடியோக்கள் நிரந்தரமாக இருக்கப்போகும் அறைகளிலேயே கேட்டுப் பாருங்கள். ஒரு அறையில் காலியாக இருப்பது இன்னொரு அறையின் ஜன்னலோரத்தில் காலியாக இருக்காது.

108-ஐ ஒட்டிய மேல்முனையைத் தவிர்த்துவிடுங்கள். 108-இல் எஃப்.எம். முடிகிற இடத்திலேயே விமானங்கள் தரையிறங்கவும் திசையறியவும் பயன்படுத்தும் அலைவரிசைகள் தொடங்குகின்றன. ஒழுங்காகச் செய்த குட்டிக் கருவியால் பெரிய ஆபத்தில்லை. ஆனால் மலிவுக் கருவி பக்கத்தில் எதையெல்லாம் சிந்தும் என்று நம்மால் வீட்டிலிருந்து அளந்து பார்க்க முடியாது. கீழே இடம் இருக்கும்போது மேலே போவானேன்?

எவ்வளவு தூரம் எடுக்கும்?

சட்டத்துக்கு உட்பட்ட கருவியென்றால் ஒரு சின்ன வீடு, அல்லது பெரிய வீட்டின் ஒரு பகுதி. அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஐரோப்பாவில் இந்த வகைக் கருவிக்கு உச்சவரம்பு 50 நானோவாட் (ஒரு நானோவாட் என்பது ஒரு வாட்டில் நூறு கோடியில் ஒரு பங்கு). அமெரிக்காவில் வாட்டில் சொல்லாமல், 3 மீட்டர் தள்ளி அளந்தால் சிக்னலின் பலம் மீட்டருக்கு 250 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறார்கள். கணக்குப் போட்டால் அது கிட்டத்தட்ட 19 நானோவாட்தான். அந்த அளவுக்கு ஏறக்குறைய 200 அடி தூரம் கிடைக்கும் என்று அங்குள்ள தகவல்தொடர்பு ஆணையமே சொல்கிறது. ஆனால் அது நல்ல ரேடியோ, தடையில்லாத வெளி, காலியான அலைவரிசை மூன்றும் சேர்ந்து அமைந்தால்தான். இரண்டு சுவர், ஒரு இரும்பு பீரோ, சுமாரான ரேடியோ என்றால் பத்து மீட்டர் கிடைப்பதே பெரிது. கம்பி நிறைய போட்ட கான்கிரீட் தளம், தகரக் கூரை, ஜன்னல் கிரில் எல்லாமே சிக்னலைத் தின்னும்.

இது சட்டப்படி சரியா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2006 டிசம்பர் வரை இந்தக் குட்டிக் கருவியைக்கூட அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்றுதான் இருந்தது. அதன் பிறகுதான் 50 நானோவாட் வரம்போடு விட்டார்கள். ஜப்பானில் 3 மீட்டரில் மீட்டருக்கு 500 மைக்ரோவோல்ட் வரை உரிமம் தேவையில்லை. சில நாடுகளில் எந்த அளவுக்கும் அனுமதி கிடையாது. உங்கள் நாட்டுத் தொலைத்தொடர்பு அல்லது அலைக்கற்றை நிர்வாகத்தின் தளத்தில், உரிமம் தேவைப்படாத குறைந்த சக்தி கருவிகளின் பட்டியலைத் தேடிப் பாருங்கள். கடையில் விற்கிறார்கள் என்பதாலேயே சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. ஆன்லைனில் விற்பதற்கு அது இன்னும் பொருந்தும்.

அரை வாட், ஏழு வாட் என்று விற்கிறார்களே, அதை வாங்கினால் வீடு முழுக்கக் கேட்குமே?

கேட்கும். தெரு முழுக்கவும் கேட்கும். அதுதான் சிக்கல். அரை வாட் என்பது 50 நானோவாட்டைப் போல ஒரு கோடி மடங்கு. நீங்கள் காலி என்று நினைத்த அலைவரிசையில் தூரத்து நிலையம் ஒன்றை அடுத்த தெருவில் யாராவது ஆசையாகக் கேட்டுக்கொண்டிருக்கலாம்; அவருக்கு இனி உங்கள் பாட்டுத்தான். எஃப்.எம்.மின் குணமே அப்படி. ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் ரேடியோ பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை ஏறக்குறைய முழுதாக விட்டுவிடும்.

மலிவான பெரிய கருவிகளில் வடிகட்டி சரியாக இருக்காது என்பது இன்னொரு தொல்லை. 100 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால் 200-இலும் 300-இலும் அதன் நிழல் போய்க்கொண்டிருக்கும். அங்கெல்லாம் வேறு சேவைகள் இருக்கின்றன. புகார் போனால் தேடி வருவார்கள். தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டமான வேலையும் அல்ல, நீங்கள்தான் இருபத்துநாலு மணி நேரமும் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்களே.

சரி, பவரைக் கூட்டாமல் எப்படி நன்றாகக் கேட்க வைப்பது?

பெரும்பாலும் டிரான்ஸ்மிட்டரை நகர்த்தினாலே வேலை முடிந்துவிடும். டிவிக்குப் பின்னால், கம்ப்யூட்டர் பெட்டி மேல், இரும்பு அலமாரிக்குள் வைத்துவிட்டு 'எடுக்கவே மாட்டேன் என்கிறது' என்று சொல்பவர்கள்தான் அதிகம். வீட்டின் நடுப்பகுதியில், தலைக்கு மேல் உயரத்தில், மர அலமாரி மேல் வையுங்கள். மாடி வீடென்றால் மாடிப்படி பக்கம் நல்ல இடம். படிக்கட்டுத் திறப்பு வழியாகச் சிக்னல் இறங்கும்.

பாக்கெட் அளவு கருவிகள் பலவற்றில் தனி ஏரியல் கிடையாது, ஒலி வரும் வயரேதான் ஏரியல். அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தால் தூரம் பாதியாகிவிடும். பிரித்து நேராகத் தொங்கவிடுங்கள். நீட்டும் ஏரியல் இருந்தால் ரேடியோவின் ஏரியலும் டிரான்ஸ்மிட்டரின் ஏரியலும் ஒரே வாக்கில் இருக்கட்டும்: இரண்டும் செங்குத்து, அல்லது இரண்டும் படுக்கை.

அனுப்பும் பக்கம் ஏரியலை மாற்றி நீட்டினால் சட்ட வரம்பு மீறிப் போகலாம். ரேடியோ பக்கம் எவ்வளவு நீட்டினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். அதில் கால்பங்கு 75 செ.மீ. கடைசி அறை ரேடியோ திணறினால் 75 செ.மீ. வயரை ஒரு கிளிப்பால் அதன் ஏரியலில் மாட்டிச் சுவரோரமாக நிறுத்திப் பாருங்கள். பல நேரம் இதற்குமேல் எதுவும் தேவைப்படாது.

ஒரே அறையில் மேசையில் கேட்கிறது, அலமாரியில் கேட்கவில்லை. ஏன்?

சிக்னல் நேராக வருவதோடு சுவர், தரை, பீரோ எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. சில இடங்களில் இரண்டும் சேர்ந்து வலுக்கும், சில இடங்களில் ஒன்றையொன்று அழிக்கும். இந்தப் பள்ளங்கள் ஒன்றிலிருந்து ஒன்று ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், அதாவது பாதி அலைநீளம் தள்ளி வரும். அதனால் ரேடியோவை ஒரு முழம், ஒன்றரை முழம் நகர்த்தினாலே பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வந்துவிடலாம். நீங்கள் பக்கத்தில் நின்றால் நன்றாகவும் நகர்ந்தால் மோசமாகவும் கேட்பதற்கும் இதுவே காரணம். நம் உடம்பும் அலையைத் திருப்பும்.

பாட்டுக்குப் பின்னால் 'ஷ்' என்ற இரைச்சல் போகவே இல்லை.

ஸ்டீரியோவை விட்டுவிடுங்கள். எஃப்.எம். ஸ்டீரியோவில் இடது, வலது வித்தியாசத்தை 38 கிலோஹெர்ட்ஸில் தனியாக ஏற்றி அனுப்புகிறார்கள். 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய ஊதல் அதற்கு அடையாளம். சிக்னல் பலவீனமாக இருக்கும்போது இந்த மேல்மாடிச் சரக்குதான் இரைச்சலை அள்ளிக்கொண்டு வரும். மோனோவுக்கு மாறினால் சுமார் 20 டெசிபல் இரைச்சல் குறையும், காதுக்கு அது பெரிய வித்தியாசம். டிரான்ஸ்மிட்டரில் மோனோ இருந்தால் அங்கேயே மாற்றுங்கள். எல்லா ரேடியோவுக்கும் சேர்த்து நல்லது. இல்லையென்றால் ரேடியோவில் உள்ள ஸ்விட்ச்சைத் தட்டுங்கள். ஒற்றை ஸ்பீக்கர் ரேடியோவுக்கு ஸ்டீரியோ அனுப்பி ஆகப்போவது எதுவுமில்லை.

மற்ற நிலையங்களைவிடச் சத்தம் குறைவாக இருக்கிறது. கூட்டினால் உடைகிறது.

ஒலி அளவைச் சரியாக வைப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது. போன் வால்யூம் குறைவாக இருந்தால் டிரான்ஸ்மிட்டர் போதுமான அளவு ஆடாது. ரேடியோவில் வால்யூமைக் கூட்டுவீர்கள், கூடவே இரைச்சலும் கூடும். அதிகமாக இருந்தால் 75 கிலோஹெர்ட்ஸ் வரம்பைத் தாண்டி ஆடி, ஒலி கிழியும்.

இப்படிச் செய்து பாருங்கள். பாட்டு வேண்டாம், தெளிவாக ஒருவர் பேசும் பதிவைப் போடுங்கள். போன் வால்யூமைப் பாதியில் தொடங்கி ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள். முதலில் உடைவது உரத்த குரல் அல்ல. 'ஸ', 'ஷ' ஒலிகள். 'சந்தோஷம்' என்பதில் வரும் 'ஷ' ஒலி தெறித்துத் துப்புவது மாதிரி கேட்டால் வரம்பைத் தொட்டுவிட்டீர்கள். அங்கிருந்து இரண்டு படி இறங்கி நிறுத்துங்கள். பிறகு போனைத் தொடாதீர்கள், வால்யூமை ரேடியோவில் மட்டும் மாற்றுங்கள்.

'ஸ' ஏன் முதலில் உடைகிறது என்றால், எஃப்.எம்.மில் இரைச்சலைக் குறைப்பதற்காக மேல்சுருதிகளை வேண்டுமென்றே தூக்கி அனுப்பி, ரேடியோவில் இறக்கிக்கொள்கிறார்கள். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஏறக்குறைய 10 டெசிபல் தூக்கப்படுகிறது. இந்தத் தூக்கல் உலகம் முழுக்க ஒரே அளவு அல்ல. அதை மைக்ரோசெகண்டில் சொல்வார்கள், எண் பெரிதானால் தூக்கலும் அதிகம். ஐரோப்பாவிலும் இன்னும் பல இடங்களிலும் 50 மைக்ரோசெகண்ட், அமெரிக்காவில் 75. டிரான்ஸ்மிட்டர் 75-இலும் ரேடியோ 50-இலும் இருந்தால் ஒலி கொஞ்சம் கூர்மையாகக் கேட்கும். தலைகீழாக இருந்தால் மந்தமாகக் கேட்கும். போன் ஈக்வலைசரில் ட்ரெபிளைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும். பேஸ் பூஸ்ட், சரவுண்ட் போன்ற ஜிகினாக்களை அணைத்துவிடுங்கள், அவை வீணாக வரம்பைத் தின்னும்.

வானொலி நிலையங்கள் மெல்லிய ஒலியையும் தூக்கிப் பெரிய ஒலியோடு சமமாக்கிய பிறகே அனுப்புகின்றன. அந்த அளவுக்கு உங்களுடையது உரக்கக் கேட்காது. கேட்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

'ஊம்ம்' என்று கீழ்ச்சுருதியில் ஒரு சத்தம் வருகிறது.

கம்ப்யூட்டரோடு வயரில் இணைத்து, டிரான்ஸ்மிட்டரையும் கரண்ட்டில் போட்டிருப்பீர்கள். இரண்டும் வெவ்வேறு வழியில் எர்த் ஆவதால் வரும் சுற்று அது. டிரான்ஸ்மிட்டரைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் அதுதான் காரணம். ஆடியோ வயருக்கு நடுவில் போடும் சின்ன ஐசொலேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் தீர்த்துவைக்கும். 'ஊம்' அல்ல, 'கீ' என்று மெல்லியதாக வந்தால் சார்ஜரைச் சந்தேகப்படுங்கள், வேறொன்றை மாற்றிப் பாருங்கள்.

பவர் பேங்க்கில் ஓட்ட நினைத்தால் ஒரு எச்சரிக்கை. டிரான்ஸ்மிட்டர் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு. 'எதுவும் மாட்டவில்லை போல' என்று நினைத்துப் பல பவர் பேங்க்குகள் கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். குறைந்த கரண்ட்டுக்கென்று தனி மோட் உள்ளதாகப் பாருங்கள்.

நடுநடுவே டிரான்ஸ்மிட்டர் தானாக அணைந்துவிடுகிறது.

பவர் பேங்க் காரணமில்லை என்றால், ஒலி வராவிட்டால் அணையும் வசதியாக இருக்கும். பாட்டுக்கு இது தெரியாது. பேச்சு, தியானம், நாடகம் போன்ற இடைவெளி உள்ளவற்றில்தான் மாட்டும். மெனுவில் நிறுத்த முடியாத கருவியென்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

டிவி சத்தத்தை அனுப்பலாமா?

காது மந்தமானவர்கள் வீட்டில் இருந்தால் இது அருமையான உபயோகம். டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு வயர் கொடுங்கள். அவர் ஒரு பாக்கெட் ரேடியோவும் ஹெட்போனும் வைத்துத் தனக்கு வேண்டிய அளவு வைத்துக்கொள்ளட்டும். ஹெட்போன் வயரே அந்த ரேடியோவுக்கு ஏரியல் என்பதால் அதையும் சுருட்டி வைக்கக் கூடாது.

ப்ளூடூத் வழியாக டிரான்ஸ்மிட்டருக்குக் கொடுத்தால் ஒலி கால் நொடி வரை பிந்தலாம், உதடு ஒன்று பேசும், காது இன்னொன்று கேட்கும். எஃப்.எம். தாமதப்படுத்துவதில்லை, வழியில் இருக்கும் ப்ளூடூத்தான் தாமதப்படுத்துகிறது. ஜாக்கில் மாட்டியதும் டிவி ஸ்பீக்கர் அணைந்துவிடுகிறதா என்றும் பாருங்கள். மற்றவர்களும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் அமைப்பு மெனுவில் இருக்க வேண்டும்.

ரேடியோவில் மூன்று நான்கு இடத்தில் என் பாட்டே கேட்கிறது.

ரேடியோவை டிரான்ஸ்மிட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துச் சோதிக்கிறீர்கள். ஒரு சாண் தூரத்தில் சிக்னல் அதற்குத் தாங்காது, திக்குமுக்காடி எங்கெங்கோ காட்டும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் போய்ப் பாருங்கள். ஒரே இடத்தில் மட்டும் கேட்டால் எல்லாம் சரி. அப்போதும், வேறு ரேடியோவிலும் பல இடங்களில் கேட்டால் டிரான்ஸ்மிட்டர் சரியில்லை, தூக்கிப் போடுங்கள்.

வீட்டில் இரண்டு டிரான்ஸ்மிட்டர் வைக்கலாமா?

வெவ்வேறு அலைவரிசையில் வைக்கலாம், ஒன்றில் பாட்டு, ஒன்றில் டிவி என்று. ஒரே அலைவரிசையில் இரண்டு வைத்துத் தூரத்தைக் கூட்டலாம் என்று நினைத்தால் நடக்காது. இரண்டும் சம பலத்தில் வரும் இடங்களில் சண்டை போட்டுக் கொரகொரக்கும்.

பக்கத்து வீட்டார் கேட்க முடியுமா?

முடியும். பூட்டு, பாஸ்வேர்டு எதுவும் எஃப்.எம்.மில் கிடையாது. சுவர் ஒட்டிய வீட்டில் யாராவது முள்ளைத் திருப்பினால் உங்கள் பாட்டு அவர்களுக்கும் வரும். பாட்டுக்குப் பரவாயில்லை. குழந்தை அறையைக் கண்காணிப்பது, போன் பேச்சு, அலுவலக மீட்டிங் இவற்றை இதில் விடாதீர்கள்.

ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் போர்டில் ஒரு வயரை மாட்டினாலே எஃப்.எம். வருமாமே?

வரும். அதன் ஒரு இணைப்பு முனையிலிருந்து கடிகாரம் போலச் சீராக வரும் மின்துடிப்பை எஃப்.எம். அலைவரிசையில் ஆட்டும் மென்பொருள் இருக்கிறது. கற்றுக்கொள்ள அருமையான விஷயம். ஆனால் வெளியே வருவது சதுர அலை. 100 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 300, 500 என்று ஒற்றைப்படை மடங்குகளும் பலமாகக் கூடவே கிளம்பும். வடிகட்டி இல்லாமல் வயர் மாட்டி நாள் முழுக்க ஓட்டும் விஷயம் அல்ல அது. சொந்தமாகச் செய்ய ஆசை என்றால் எஃப்.எம். அனுப்பவென்றே வரும் சிப் வைத்த ரெடிமேட் மாட்யூலை அந்த போர்டோடு இணைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குக் கெடுதலா?

இல்லை. 4ஜி போன் தேவைப்பட்டால் 0.2 வாட் வரை அனுப்பும். 50 நானோவாட் அதில் நாற்பது லட்சத்தில் ஒரு பங்கு. போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டே இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

போனிலேயே டிரான்ஸ்மிட்டர் இருக்காதா?

முன்பு இருந்தது. நோக்கியாவின் என்900, என்8 போன்றவற்றில் வெளிக்கருவி இல்லாமலேயே எஃப்.எம்.மில் அனுப்பலாம். இன்றைய போன்களில் அந்த வசதி கிடையாது. ஆப் ஸ்டோரில் 'எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர்' என்ற பெயரில் வருபவை எதுவும் போனை டிரான்ஸ்மிட்டராக மாற்றாது; உள்ளே அதற்கான சர்க்யூட் இல்லாதபோது ஆப் என்ன செய்யும்?

பழைய போன் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடலாமா?

அதுதான் வசதி. சிம் வேண்டாம், வைஃபை மட்டும் போதும். சிம் இருந்தால் கால் வரும் நேரத்தில் ஆடியோ வயர் வழியாக 'டிட் டிட் டிட்' என்ற சத்தம் ஏறலாம். எந்நேரமும் சார்ஜில் இருக்கப்போவதால், 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள், பேட்டரி உப்பாமல் இருக்கும். அப்புறம் எல்லா ஆப்பின் அறிவிப்புச் சத்தத்தையும், கீபேட் சத்தத்தையும், பழைய அலாரங்களையும் தேடித் தேடி அணையுங்கள். மறந்தால் விடியற்காலை ஐந்து மணி அலாரம் வீட்டில் ஆன் ஆகியிருக்கும் எல்லா ரேடியோவிலும் ஒரே நேரத்தில் அடிக்கும்.